எது வேண்டுமானாலும் சொல்லலாம்

கேள்வி கேட்கிறவர்கள் பல வகை. விடை தெரியாமல் கேட்கிறவர் ஒரு வகை. அவரைப் பற்றிக் கவலை இல்லை, யாராவது வழி சொன்னால் பஸ் ஏறிப் போய்விடுவார். விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டே நமக்குத் தெரிகிறதா என்று பார்க்கக் கேட்கிறவர் இன்னொரு வகை. அவரும் பரீட்சையோடு நம்மை விட்டுவிடுவார். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். 'இதில் சரி, தப்பு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது, எது வேண்டுமானாலும் சொல்லலாம், மனசில் தோன்றுவதைச் சொல்லுங்கள்' என்று இரண்டு கைகளையும் விரித்துக் கேட்டுவிட்டு, விடையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். நாம் பார்க்கப் போவது இவரைத்தான். கொஞ்சம் பரிவோடுதான் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆள் நல்லவர்.

இந்த இனம் நாடு முழுக்கக் கிடைக்கும் என்றாலும், நன்றாக விளைந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் கோவில்பட்டிக்கு வரவேண்டும். செண்பகராஜ் சார் அங்கேதான் குடியிருக்கிறார். காலை ஏழே முக்காலுக்கு பைக்கை உதைத்து, எட்டயபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் மழையை எதிர்பார்த்து நிற்கிற கரிசல் காட்டு ரோட்டில் புதூர்ப் பக்கமாகப் போய், ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார். மொத்தம் பதினாலு பிள்ளைகள். பதினாறு வருஷமாக வாய்ப்பாடு, வரைபடம், வாசிப்பு என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஜூன் மாதம் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனது ஓர் ஆள், திரும்பி வந்தது வேறோர் ஆள்.

பயிற்சியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது திறந்தநிலை வினா. ஒரே ஒரு விடை இருந்தால் அது மூடிய வினா. நூறு விடைக்கு இடம் கொடுத்தால் அது திறந்த வினா. திறந்த வினாவை விளையாட்டாகக் கேட்டால் பிள்ளைகளின் சிந்தனை சிறகடிக்கும். இதைக் கேட்டதும் செண்பகராஜ் சாருக்குப் பிடித்துப் போயிற்று. பிடித்தது என்றால் காய்ச்சல் பிடிப்பதுபோலப் பிடித்தது. ஊர் திரும்பியவர் பள்ளிக்கூடம் திறக்கிறவரைக்கும் பொறுக்க முடியாமல், எட்டயபுரம் விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் மாடக்கண்ணுவிடமே ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணாச்சி, இந்த டீக்கு வாய் இருந்தா கிளாஸைப் பத்தி என்ன சொல்லும்? எது வேணும்னாலும் சொல்லலாம்.”

“சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளாஸக் கீழ வைங்கன்னு சொல்லும் சார்,” என்றார் மாடக்கண்ணு, ஆற்றுகிற கையை நிறுத்தாமல்.

“நல்ல முயற்சி. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்க.”

மாடக்கண்ணு ஆழமாக எங்கும் போகவில்லை. மறுநாளிலிருந்து அந்த பைக் சத்தம் கேட்டதும் எதையோ தேடுகிறவர்போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

வீட்டில் மனைவி தீபலட்சுமி அப்படிக் குனிய முடியாது. அவள் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள். கேட்டால் பதில் வரவேண்டும், வந்தால் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய பழக்கம். “என்னங்க, கேஸுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டாள்.

“நீ என்ன நினைக்கே?”

“சொல்லலைன்னு நினைக்கேன்.”

“ஏன் அப்படி நினைக்கே?”

சாயங்காலம் சிலிண்டர் தீர்ந்தது. தீபலட்சுமி அலட்டிக்கொள்ளாமல் காலித் தட்டை அவர் முன்னால் வைத்து, “இதுல என்ன இருக்குன்னு கற்பனை பண்ணிச் சாப்பிடுங்க. எது வேணும்னாலும் சாப்பிடலாம்,” என்றாள். செண்பகராஜ் சாருக்குக் கோபம் வரவில்லை. நோட்டை எடுத்து, 'காலித் தட்டு: நல்ல வினா, ஐந்தாம் வகுப்பு' என்று குறித்துக்கொண்டார்.

வகுப்பறையில் அவரைப் பார்க்காதவர்கள் அவரைப் பார்க்காதவர்களே. முதலில் கையைத் தேய்ப்பார். பிறகு பிள்ளைகளுக்கு மட்டும் ரகசியம் சொல்கிறவர்போலக் குனிவார். “மேகத்துக்கு நாக்கு இருந்தா மொதல்ல எதை ருசி பாக்கும்? எல்லா விடையும் சரிதான். யார் வேணும்னாலும் சொல்லலாம்.”

“ஐஸு, சார்,” என்றாள் பொன்மணி.

“நல்ல முயற்சி.”

“எங்க ஐயா தலைய, சார். அதான் வழுக்கையா மினுங்கும்,” என்றான் சுடலைராஜ்.

“நல்ல முயற்சி. வேற யாராவது?”

இசக்கிச்செல்வி எழுந்தாள். அஞ்சாம் வகுப்பு. வீட்டில் நாற்பது ஆடு, லீவு நாள் முழுக்க அதுகளோடு காட்டில் அலைகிற பிள்ளை. “உப்ப, சார். கடல்ல தண்ணி மோக்கும்போது மொதல்ல உப்புதான நாக்குல படும். கரிக்குன்னுதான் அதக் கீழ துப்பிட்டுத் தண்ணிய மட்டும் தூக்கிட்டு வருது.”

இப்படி ஒரு விடைக்கு நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? எழுந்து நின்றிருப்போம். செண்பகராஜ் சாரோ, “நல்ல முயற்சி, பக்கத்துல வந்துட்டே,” என்றார். எல்லா விடையும் சரி என்றால் எதற்குப் பக்கத்தில் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் 'கரிசல் மண்' என்று எழுதியிருந்தது. ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதிய விடை, அதை விட முடியுமா? பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். இலை என்றார்கள், புருவம் அசையவில்லை. தரை என்றார்கள், லேசாக ஏறியது. மண்ணு என்றார்கள், நெற்றிக்கே போயிற்று. “என்ன மண்ணு?” என்றார் சார். “செம்...” என்று இழுத்தான் ஒருவன். புருவம் இறங்கியது. “கரி...” என்று அவனே மாற்றினான். புருவம் மறுபடி ஏறியது. “கரிசல் மண்ணு, சார்.”

“அதேதான்,” என்றார் செண்பகராஜ், கண் கலங்க. பிள்ளைகள் தாமாகச் சிந்திப்பதைக் காண அவருக்கு அவ்வளவு ஆனந்தம்.

தலைமையாசிரியை பாலம்மாள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே போவார். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான். ஒருநாள் மட்டும் நின்று, “முன்னால எல்லாம் விடை தெரியாத பிள்ளைதான் சார் முழிக்கும். இப்பம் தெரிஞ்ச பிள்ளையும்லா முழிக்குது,” என்று சொல்லிவிட்டுச் சத்துணவுக் கூடத்துக்குப் போனார். செண்பகராஜ் சார் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மனிதருக்கு ஓர் ஆசை இருந்தது. பதினாறு வருஷத்தில் எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறார். எல்லாவற்றிலும் கடைசி வரிசையில், கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில், சாம்பார் சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு தடவையாவது அந்தப் பக்கம் நிற்க வேண்டும், கையில் மைக் இருக்க வேண்டும், தன்னைக் 'கருத்தாளர் செண்பகராஜ் அவர்கள்' என்று யாராவது அழைக்க வேண்டும். சின்ன ஆசைதான், ஆனால் பதினாறு வருஷப் பழைய ஆசை. அக்டோபரில் அதற்கும் வழி பிறந்தது. மாவட்டத்தில் பயிற்சி நடத்த ஒரு கருத்தாளர் தேவை, செல்லத்துரை என்ற அதிகாரி நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பார், இவரையோ கழுகுமலைப் பக்கத்து யோகராஜையோ தேர்ந்தெடுப்பார் என்று செய்தி வந்தது. யோகராஜ் பொம்மலாட்டம் வைத்துப் பாடம் நடத்துகிறவர். செண்பகராஜ் சாருக்குத் தூக்கம் போயிற்று.

திறந்தநிலை வினாவுக்கு ஒத்திகை பார்த்த முதல் ஆசிரியர் இவராகத்தான் இருக்க வேண்டும். மூன்று வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு தன்னிச்சையான விடைகள். 'தன்னிச்சையான விடைகள்' என்று மேலே தலைப்புப் போட்டு, கீழே யார் யார் எதைத் தன்னிச்சையாகச் சொல்ல வேண்டும் என்று பெயரோடு எழுதிக் கொடுத்தார். கன்னத்தில் விரலை வைத்துக் கூரையைப் பார்த்து மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் எழ வேண்டும், அதற்குப் பெயர் யோசிப்பது. எல்லாரும் நன்றாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று சுடலைராஜை மட்டும், “எனக்குத் தெரியல சார்,” என்று சொல்லும்படி ஏற்பாடு செய்தார். சார் அவனைத் தட்டிக்கொடுத்து ஊக்குவிக்க வேண்டுமே, அதற்காக. இசக்கிச்செல்விக்கு விடை எதுவும் கொடுக்கவில்லை. அவளாக ஏதாவது சேர்த்துச் சொல்லிவிடுவாள் என்று பயம். முன் வரிசையில் உட்கார்ந்து யோசிப்பது மட்டும் அவள் வேலை. ஒரு வாரம் விடாமல் பழகியதில் பிள்ளைகள் எப்படித் தேறிவிட்டார்கள் என்றால், கேள்வியே தேவைப்படவில்லை. சாரின் கை உயர்ந்தால் போதும், முதல் பெஞ்சிலிருந்து விடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அந்த நாளும் வந்தது. பத்து மணிக்கு வரவேண்டிய செல்லத்துரை பன்னிரண்டே காலுக்கு வந்தார். நல்ல உயரம், அடர்ந்த மீசை, கையில் ஒரு ஃபைல். “வழியில ரெண்டு ஸ்கூல் பார்த்துட்டு வாரேன், நேரமில்லை. எத்தனை வினா வச்சிருக்கீங்க? மூணா? கடைசி ஒண்ணை மட்டும் நடத்துங்க சார்.”

செண்பகராஜ் சாருக்கு ரத்தம் வற்றிவிட்டது. கடைசி வினா, ஆடு பள்ளிக்கூடம் வந்தால் முதலில் என்ன பாடம் படிக்கும் என்பது. பிள்ளைகளுக்குத் தெரிந்த வரிசையோ மேகத்தில் ஆரம்பித்து, வாசலில் கிடக்கிற செருப்பு என்ன சொல்லும் என்பது வழியாக ஆட்டுக்கு வருகிற வரிசை. இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, அதிகாரியை முன்னால் வைத்துக்கொண்டு? கண்ணைக் காட்டினார். தலையை ஆட்டினார். மூன்று விரலைக் காட்டினார். பிள்ளைகள் சாருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். வேறு வழியில்லாமல், “ஆடு பள்ளிக்கூடம் வந்தா மொதல்ல என்ன பாடம் படிக்கும்?” என்று கேட்டு, பழக்க தோஷத்தில் கையை உயர்த்திவிட்டார்.

பொன்மணி விரலைக் கன்னத்தில் வைத்தாள், கூரையைப் பார்த்தாள், ஐந்து எண்ணினாள், எழுந்தாள். “காஞ்ச கரிசல் மண்ணு, சார்.”

செல்லத்துரை நிமிர்ந்தார். “மண்ணியல். ஆடு தன்னோட மண்ணைத் தெரிஞ்சுக்கிடணும்னு சொல்லுதா. பலே.”

“வேப்பம்பூ, சார்.”

“தாவரவியல்.” ஃபைலில் எழுதினார்.

அடுத்தவன் மேகத்துக்கான மூன்றாவது விடையை மறந்துபோய், செருப்புக்கு வைத்திருந்ததை எடுத்து விட்டான். “என்னைய வெளிய கழட்டிப் போட்டுட்டு நீ மட்டும் உள்ள போறியே, இது நியாயமா?”

செண்பகராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது செல்லத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆட்டோட குரலாவே பேசிட்டான் சார். கல்வி மறுக்கப்பட்ட ஒரு ஆட்டோட குரல்,” என்றார் தழுதழுத்து. சுடலைராஜ் எழுந்து, “எனக்குத் தெரியல சார்,” என்றதும், “தெரியாதுங்கறதுதான் கல்வியோட முதல் பாடம். ஆடு அதைத்தான் படிக்கும்,” என்று அதையும் எழுதிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

தப்பித்தோம் என்று செண்பகராஜ் சார் மூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார். செல்லத்துரை ஃபைலை மூடிவிட்டு, இரண்டு கைகளையும் தேய்த்தார். லேசாகக் குனிந்தார். “இப்பம் உங்களுக்கு ஒரு வினா சார். ஆசிரியர் ஒரு வண்டின்னா, எந்த வண்டி? சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. எது வேணும்னாலும் சொல்லலாம்.” அவர் கை, தானறியாமல், சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

“ரயில், சார். நிறையப் பேரைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போறதுனால.”

“நல்ல முயற்சி.”

செண்பகராஜ் சாருக்குச் சுரீர் என்றது. அந்த இரண்டு வார்த்தை காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. “ஆம்புலன்ஸ்...”

“ம். இன்னும் கொஞ்சம் யோசிங்க.”

“டிராக்டர். மாட்டு வண்டி. மினி பஸ்...” அவர் விரல் கன்னத்துக்குப் போய்விட்டது. கண் கூரைக்குப் போய்விட்டது. பதினாறு வருஷ ஆசை கதவு வரைக்கும் வந்து நிற்கிறது, உள்ளே அழைக்கிற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. நெற்றி வேர்த்தது. அழுகை வரும்போல இருந்தது.

முன் வரிசையிலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இசக்கிச்செல்வி. உதடு அசையாமல் முணுமுணுத்தாள். “சார், கூரையப் பாக்காதீங்க. அவிய மீசையப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. விரிஞ்சா அந்தப் பக்கமே போங்க. சுருங்குனா விட்டுருங்க.”

செண்பகராஜ் சார் மீசையைப் பார்த்தார். “முன்னால இழுக்கிற வண்டி...” மீசை சுருங்கியது. “இழுக்காது. பின்னால இருந்து...” விரிந்தது. “பின்னால இருந்து தள்ளுற...” நன்றாக விரிந்தது. “தள்ளுவண்டி.” பாதி சுருங்கியது. “வண்டி இல்ல. தள்ளுற... தள்ளுற ஆளு, சார்.”

“அதே, அதே,” என்று செல்லத்துரை கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஆசிரியர் வண்டியே இல்லை. பின்னால இருந்து தள்ளுறவர். எத்தனையோ ஸ்கூல்ல கேட்டுட்டேன், நீங்க ஒருத்தர்தான் சுயமாச் சிந்திச்சுச் சொல்லிருக்கீங்க.” எந்த வண்டி என்று கேட்டவர் அவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. “அடுத்த மாசம் பயிற்சி. மைக்கு உங்க கையில. தயாரா இருங்க.” ஜீப் கிளம்பிப் போயிற்று.

செண்பகராஜ் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “ஏட்டி இசக்கி, அந்த விடை உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு எங்க சார் தெரியும்? உங்களுக்குப் பாக்க மாதிரியேதான் அவியளுக்கும் பாத்தேன். உங்களுக்குப் புருவம், அவியளுக்கு மீசை.”

“எனக்குப் புருவமா?”

“ஆமா சார். நாங்க எல்லாரும் அதப் பாத்துத்தான் சொல்லுதோம்,” என்றாள், எட்டும் ஏழும் பதினைந்து என்று சொல்கிற குரலில். பதிமூன்று தலைகள் ஆமென்று ஆடின. புருவம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, ஒரு பக்கம் மட்டும் ஏறினால் என்ன என்று சுடலைராஜ் விளக்கவும் ஆரம்பித்தான். ஐந்து மாதத்தில் அந்த வகுப்பு ஒரு கலையில் முழுத் தேர்ச்சி பெற்றிருந்தது. அவர் கற்பிக்க நினைத்த கலை அது அல்ல.

“அப்பம் சொந்தமா நீங்க ஒண்ணுமே யோசிக்கிறதில்லையா?” அவமானமாக இருந்தது அவருக்கு. அதைவிட, பிள்ளைகளை ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது.

“அது உண்டு சார்,” என்றாள் பொன்மணி. “அத ரீசஸ்ல பேசிக்கிடுவோம்.”

“ரீசஸ்ல என்ன பேசுவிய?”

பதினாலு பிள்ளைகளும் அவர் புருவத்தையே பார்த்தார்கள். செண்பகராஜ் சார் கையால் நெற்றியை மறைத்துப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார்கள். பிறகு எழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முகம் கரும்பலகையைப் பார்க்க, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “ரீசஸ்ல என்ன பேசுவிய? எனக்குத் தெரியல. நெசமாவே தெரியல,” என்றார் கரும்பலகையிடம்.

பிறகு பின்பக்கமிருந்து ஒரு குரல். “தீப்பெட்டில எல்லாக் குச்சியும் ஒரே பக்கமா தலை வச்சுப் படுத்திருக்குல்லா சார், ஒண்ணு மட்டும் மாறிப் படுத்தா கம்பெனில என்ன செய்வாவன்னு பேசுவோம்.” “ஆட்டுக்கு அது பேரு தெரியுமா, நம்ம சத்தம்தான் தெரியுமான்னு சண்டை போட்டோம் சார்.” “மழை நம்ம ஊரத் தாண்டிப் போகையில அதுக்கு ஊரு பேரு வாசிக்கத் தெரியுமான்னு கேட்டான் சார் இவன்.” “சாரு வீட்டுலயும் இப்படித்தான் கேப்பாவளா, சாரு வீட்டம்மா பாவம்னு பேசுனோம்.” “அத ஏம்லே சொல்லுதே?” சாரின் முதுகு குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பிள்ளைகளுக்குப் பார்க்க வழியில்லை, ஆகையால் நிறுத்தவும் இல்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் நிறுத்தவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, 'நல்ல' என்ற வார்த்தையை மூன்று தடவை விழுங்கினார்.

அவர் கதை அவ்வளவுதான். உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் வாத்தியார் இல்லை, நீங்கள் யாரையும் கேள்வி கேட்டு வதைக்கிறவரும் இல்லை, எனக்குத் தெரியும். போன வாரம் வீட்டில், 'பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய், உன் இஷ்டம், எதுவானாலும் அப்பாவுக்குச் சம்மதம்தான்' என்று பிள்ளையிடம் மிகவும் பிரியமாகத்தான் கேட்டீர்கள். அதுவும் நல்ல பதிலாகவே சொன்னது, உங்களுக்கும் மனசு குளிர்ந்தது. பதில் சொல்வதற்கு முன்னால் அது ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்த்ததே, எதற்கு?